சவரிமுத்து கேட்ட விசிறி

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் நாலு பேர் ஒரே ஷெட்டில், ஒரே ஷிப்டில், ஒரே சங்கத்தில் சேர்ந்து, ஓட்டெடுப்பு நடத்தாமல் எந்த முட்டாள்தனமும் செய்வதில்லை என்ற கட்டுப்பாட்டோடு வாழ்ந்தது துவாக்குடிக்குப் பக்கத்தில் அம்பலவாணன் பட்டறையில் மட்டும்தான்.

இரும்புத் தொட்டிகள் பற்றவைக்கும் பட்டறை அது. தகரக் கூரை, தகரச் சுவர். சன்னல் வைத்தால் காற்று வரும், காற்று வந்தால் தொழிலாளி சுகம் கண்டுவிடுவான் என்று முதலாளியின் அப்பா காலத்திலேயே சன்னலை விட்டுவிட்டார்கள். காலையில் எழும்பும் வெல்டிங் புகை, மாலையில் ஆட்கள் வீட்டுக்குப் போகும்போதுதான் கிளம்பும். அதுவும் தனியாகப் போகாது, அவர்கள் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு போகும்.

நால்வரில் சவரிமுத்து சங்கக் கிளையின் செயலாளர். காதர் பாய் தலைவர். நல்லதம்பி பொருளாளர். உறுப்பினர் என்று ஒருவராவது வேண்டுமே என்று வெள்ளைச்சாமியைச் சேர்த்திருந்தார்கள்.

சவரிமுத்துவுக்கு இருமல். டாக்டர் புகையை விடச் சொன்னார். “நான் பீடி தொடுறதில்லைங்க” என்றான். “அப்ப பட்டறையை விடு” என்றார் டாக்டர். “சோத்தையும் சேர்த்து விடச் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு அவன் நேரே முதலாளியிடம் போய், புகையை வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டான். கேட்டான் என்றால் அன்றைக்கு மட்டும் அல்ல. இரண்டு பொங்கலுக்கும் மூன்று மே தினத்துக்கும் கேட்டான். இருமலுக்கு நடுவே கேட்டான். கேட்கும்போது இருமினான். “ஆர்டர் வரட்டும்பா” என்பார் அம்பலவாணன்.

கடைசியில் ஆர்டர் வரும் போலிருந்தது. கடல் கடந்த கம்பெனி ஒன்று தொட்டிகள் வாங்க முன்வந்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்குத் தொட்டி ஒழுகாமல் இருந்தால் மட்டும் போதாதாம். அது பிறந்த பட்டறை பாதுகாப்பாகவும் பசுமையாகவும் சிக்கனமாகவும் இருக்கவேண்டுமாம். தணிக்கைக்கு ஒரு மேடம் வருவார், அவர் தலையசைத்தால் ஆர்டர்.

“ஆர்டர் வந்தால் ஃபேன்,” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

தயார்ப்படுத்த ஓர் ஆலோசகர் வந்தார். ஷெட்டுக்குள் வந்தால் சட்டை அழுக்காகும் என்று வாசலில் நின்றபடியே மூன்று கட்டளைகள் சொன்னார். ஒன்று, ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும், அசையக்கூடாது. இரண்டு, தேவையில்லாமல் ஒரு விளக்கும் எரியக்கூடாது. மூன்று, மேடம் வரும்போது ஷெட்டில் புகை நிற்கக்கூடாது. சொல்லிவிட்டுக் காரேறினார். வழி கேட்டவனுக்குத் திசை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அந்தத் தொழிலின் மரபு.

சவரிமுத்து அன்றே கிளைக் கூட்டத்தைக் கூட்டினான்.

“முதல் கட்டளை,” என்றான். “கருவி அசையக்கூடாது. கருத்துச் சொல்லுங்க தோழர்களே.”

“சாக்பீஸால கோடு போட்டு வைப்போம்ணே,” என்றான் நல்லதம்பி.

“கோடு சுத்தியலைப் புடிச்சு வைக்குமா?” என்று கேட்டான் வெள்ளைச்சாமி.

“வைக்காது.”

“அப்ப எது புடிச்சு வைக்கும்?”

நால்வரும் மெல்லத் தலைகுனிந்து தங்கள் கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரைப் பார்த்தார்கள். ஒரு தொழிலாளி தன் தொழிலை நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்?

மாலைக்குள் சுத்தியல் மேசையோடு பற்றவைக்கப்பட்டது. ஸ்பேனர்கள் வரிசையாக இரும்புத் தூணில் ஏறின. இரும்பை வெட்டும் காஸ் கட்டர் வண்டியின் சக்கரங்கள் தரைத் தகட்டோடு ஒன்றாயின. தீயணைக்கும் மணல் வாளியையும் விடவில்லை. அது நகராது என்று ஆனபின், தீ வேறு எங்காவது பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று காதர் பாய்க்குக் கவலை வந்தது. நியாயமான கவலை. எனவே வாளிக்கு மேலே “தீ இங்கே மட்டும்” என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள்.

மறுநாள் நீண்ட இரும்புச் சட்டம் ஒன்றை நிமிர்த்த வேண்டியிருந்தது. சுத்தியல் வராது. ஆகவே சட்டத்தை நாலு பேரும் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தியல்மேல் அடித்தார்கள். சட்டம் நிமிர்ந்தது, காதர் பாய் குனிந்துவிட்டார். அம்பலவாணன் வந்து பார்த்தார். ஒரு ஸ்பேனரை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“திருட்டே ஒழிஞ்சுதுப்பா,” என்றார் மனம் நிறைந்து.

இரண்டாம் கட்டளைக்கு விவாதம் நீண்டது.

“வெல்டிங் பண்றப்ப மூஞ்சிக்கு மாஸ்க் போடுறோம். மாஸ்க்குக்குள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டான் சவரிமுத்து.

“இருட்டா இருக்கு,” என்றான் நல்லதம்பி.

“இருட்டுல இருக்கிறவனுக்கு டியூப் லைட் எதுக்கு?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி விளக்குகள் அணைந்தன. சன்னலில்லாத ஷெட் கிணறாயிற்று. வெல்டிங் வைத்தால் அந்த வெளிச்சத்தில் மற்றவன் தன் வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் முதலில் வைக்கிறவனுக்கு வெளிச்சம் ஏது?

“நீ பத்தவை, நான் பாத்துக்கறேன்.”

“நீ பத்தவைடா, நான் எடத்தைத் தேடணும்ல.”

“பாய் பெரியவர், அவர் பத்தவைக்கட்டும்.”

“பெரியவனுக்குக் கண்ணு தெரியாதுப்பா, சின்னவன் வை.”

சாப்பாட்டு நேரம்வரை இந்த மரியாதை நடந்தது. பிறகு செயலாளர் வழி கண்டுபிடித்தார். வெள்ளைச்சாமி ஒரு பழைய தகட்டில் சும்மா வெல்டிங் வைத்துக்கொண்டே இருப்பான், அவன் இனி பட்டறையின் விளக்கு. அவன் மிஷின் மொத்த ஷெட்டின் டியூப் லைட்டுகளைவிட அதிகமாகக் கரண்டு தின்றது. ஆனால் அது விளக்கு அல்ல, மிஷின். விளக்கைப் பற்றித்தான் கட்டளை. அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் இராத்திரியெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும் என்று எல்லோரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார்கள். போட்டதும் தங்கள் வேலை ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் பளிச்சென்று தெரிந்தான். மூவரும் மாலைவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னை இவ்வளவு பேர் மதித்துப் பார்ப்பது அவனுக்கு அதுவே முதல் தடவை.

மூன்றாம் கட்டளைதான் சவரிமுத்துவின் நெஞ்சைத் தொட்டது. புகை நிற்கக்கூடாது என்று அவன்தானே இத்தனை காலமாகக் கேட்டான். ஆனால் புகையைத் தள்ள ஃபேன் வேண்டும். ஃபேன் வர மேடம் தலையசைக்க வேண்டும். மேடம் தலையசைக்கப் புகை இருக்கக்கூடாது. தணிக்கை நாள் காலையிலோ ஒரு பெரிய தொட்டி பாக்கி. மூடி மட்டும் பற்றவைக்க வேண்டும்.

“பத்தவைச்சா புகை. பத்தவைக்காட்டி வேலை நிக்குது. மேடம் வந்து, ஏன் சும்மா இருக்கீங்கன்னு கேட்டா?” என்றான் நல்லதம்பி.

சவரிமுத்து தொட்டியைச் சுற்றி நடந்தான். இருமினான். யோசனை வந்தது.

“புகை ஷெட்டுக்குள்ளதானே நிக்கக்கூடாது. தொட்டிக்குள்ள நின்னா?”

“தொட்டியைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலியே,” என்றார் காதர் பாய்.

நாலு பேரும் மிஷினின் வயரைக் குழாய் மாட்டும் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, தாங்களும் மூடி போடும் வாய் வழியாக இறங்கினார்கள். மூடியை உள்ளிருந்தபடியே இழுத்து வைத்துச் சுற்றிலும் நன்றாகப் பற்றவைத்தார்கள். அவர்கள் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. ஒரு துளி ஒழுகாது.

அதே நேரம் வாசலில் கார் நின்றது. அம்பலவாணன் ஓடிப்போய், சிக்கனத்தில் தானும் ஒரு பங்கு செய்யவேண்டும் என்று, மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். தொட்டிக்குள் இருட்டு விழுந்தது.

“வேலை முடிஞ்சுது. எப்படி வெளிய போறது?” என்று கேட்டான் வெள்ளைச்சாமி.

இந்தக் கேள்வி கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வயர் நுழைந்த ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் என்று அதில் மூக்கை வைத்தார்கள். சவரிமுத்து சட்டென்று தன் தொப்பியை எடுத்து அதை அடைத்தான்.

“புகை வெளிய போகுதுடா. மேடம் பாத்துட்டா ஃபேன் போச்சு.”

“அண்ணே, அது வழியாத்தான் மூச்சு உள்ள வருது.”

“மூச்சு வரட்டும். புகை போகக்கூடாது.”

“ஓட்டைக்கு எப்படிண்ணே தெரியும், எது எதுன்னு?”

கடைசியில் மூச்சு விடும்போது தொப்பியை எடுப்பது, விடாதபோது அடைப்பது என்று முடிவாயிற்று. காதர் பாய் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஆனால் அதற்குள் அவர் முறை வந்துவிட்டதால் மூக்கை வைக்கப் போய்விட்டார்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கையில் டார்ச்சோடு வந்த மேடத்தின் குரல் தொட்டிக்குப் பக்கத்திலேயே கேட்டது.

“கருவியெல்லாம் அசையவே இல்லையே.”

“அசையாதுங்க மேடம்,” என்றார் முதலாளி. அவர் வாழ்நாளில் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று.

“ஒரு விளக்குகூட எரியலை. புகையே இல்லை. உங்க ஆளுங்க எங்க?”

முதலாளி திகைத்தார். அவருக்கும் அது தெரியாது. “ஆபத்தான இடத்துல ஒருத்தரையும் நிறுத்தறதில்லைங்க,” என்றார்.

அப்போதுதான் சவரிமுத்துவின் நெஞ்சில் இருமல் கிளம்பியது. இரண்டு பொங்கலும் மூன்று மே தினமும் கேட்ட ஃபேன் தொட்டிக்கு வெளியே நாலடி தூரத்தில் நிற்கிறது. இருமினால் போயிற்று. அவன் வாயைப் பொத்தினான். நல்லதம்பி அவன் வாய்மேல் கை வைத்துப் பொத்தினான். வெள்ளைச்சாமி அந்தக் கைமேல் கை வைத்தான். இருமல் மூன்று கையையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தொட்டியின் வயிற்றில் பட்டு முழங்கியது.

“என்ன சத்தம்?” என்றார் மேடம்.

“தொட்டியை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறோங்க,” என்றார் அம்பலவாணன், கூசாமல்.

“ஆள் இல்லாமலா?”

“தானாவே நடக்கும்ங்க.”

மேடம் உருகிப்போனார். “எத்தனையோ நாட்டுல பட்டறை பாத்திருக்கேன். தொழிலாளியே இல்லாத இப்படி ஒரு சுத்தமான பட்டறையை எங்கேயும் பாத்ததில்லை.”

ஆர்டர் கிடைத்துவிட்டது.

கார் போனபின் தொட்டி தட்டும் சத்தம் கேட்டு முதலாளிக்கு விஷயம் புரிந்தது. மெயினைப் போட்டால் உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் கரண்டு செலவாகும். காஸ் கட்டரால் வெட்டலாம். ஆனால் வண்டி தரையோடு இருந்தது, ரப்பர் குழாய் எட்டவில்லை. ஆகவே வாட்ச்மேனும் இரண்டு லாரி ஆட்களும் தொட்டியைக் கட்டர் பக்கம் உருட்டினார்கள்.

உள்ளே நால்வரும் மேலும் கீழுமாகப் புரண்டார்கள்.

“அண்ணே, என் பல்லு போச்சு. இது விபத்துதானே?” என்று கத்தினான் நல்லதம்பி.

“விபத்துப் புஸ்தகத்துல எழுதிடாதே,” என்றான் சவரிமுத்து அவன் முதுகுக்கு அடியிலிருந்து. “வேலை செய்யறவனுக்கு நடந்தாத்தான் விபத்து. நாம இப்ப சரக்கு.”

கட்டரால் மூடியை வெட்டி நால்வரையும் வெளியே எடுத்தபின், சொன்னபடி ஃபேன் வந்தது. அம்பலவாணன் வாக்குத் தவறவில்லை, தவறியிருந்தால் செலவு மிச்சம். மாலை போட்டு மாட்டினார்கள். பெட்டியோடு வந்த குறிப்பை நல்லதம்பி, பல் போன இடத்தில் காற்றுப் போக, உரக்கப் படித்தான்: “தூசியும் புகையும் படாமல் பாதுகாக்கவும். தவறினால் உத்தரவாதம் கிடையாது.”

செயலாளர் அங்கேயே கூட்டத்தைக் கூட்டினார்.

“இத்தனை கஷ்டப்பட்டு வாங்கின ஃபேன்,” என்றார் காதர் பாய். “அதுமேல புகை படவிடலாமா?”

“என் நெஞ்சு கெட்டாலும் பரவாயில்லை, அது கெடக்கூடாது,” என்றான் சவரிமுத்து. கண் கலங்கியது.

மிஷின்களை ஷெட்டுக்குப் பின்னால் வெட்டவெளிக்கு நகர்த்தினார்கள். காலிக் கொட்டகையில் ஃபேன் காலை முதல் மாலைவரை ஓடியது. புகை காற்றோடு போயிற்று. ஒரு வாரத்தில் சவரிமுத்துவின் இருமல் நின்றது.

“பாத்தீங்களா,” என்றான் மார்பைத் தட்டி. “ஃபேன் வந்ததும் நின்னுடுச்சு.” சங்கத்தின் வெற்றி என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

ஆனால் வெட்டவெளியில் வெயில் காய்ந்தது, பிறகு மழை பெய்தது. எனவே நால்வரும் ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் உழைத்து, தலைக்குமேல் தகரம் போட்டார்கள். சாரல் அடிக்காமல் நாலு பக்கமும் தகரம் அடைத்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் சவரிமுத்து இருமினான்.

“ஃபேன்ல ஏதோ கோளாறுண்ணே,” என்றான் வெள்ளைச்சாமி.

எல்லோரும் பழைய ஷெட்டுக்கு ஓடினார்கள். ஃபேன் யாருமில்லாத கொட்டகையில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சவரிமுத்து அதன் அடியில் நின்று அண்ணாந்து நெடுநேரம் பார்த்தான்.

“கோளாறு இல்லைடா. களைப்பு,” என்றான். “ஓய்வே குடுக்காம வேலை வாங்கியிருக்காங்க. வார லீவு உண்டா? சாப்பாட்டு நேரம் உண்டா? நமக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா?”

அன்றே ஃபேனைச் சங்கத்தின் ஐந்தாவது உறுப்பினராகச் சேர்த்து, முதலாளிக்கு வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தார்கள். குறித்த நாளில் போராட்டம் முழு வெற்றி பெற்றது. ஃபேன் அன்று முழுக்கச் சுற்றவில்லை. அதன் சார்பில் வாசலில் நின்று, இருமலுக்கு நடுவே நாலு கோஷம் போட்டுவிட்டு, நால்வரும் நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள்.