மூணு ‘ம்’

இந்தக் கதைக்கு ம் கொட்டணும், ஆமா. நீ ம் கொட்டினாத்தான் கதை நடக்கும். நீ நிறுத்தினா அதுவும் நடுவழியில உக்காந்துக்கும். சரியா? எங்க, சொல்லு... ம்.

ஒரே ஒரு ஊர்ல நாலு சிநேகிதிங்க இருந்தாங்க. நாச்சி, ராக்கு, வேலாயி, அப்புறம் பூவாயி. இதுல பூவாயிக்கு அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது. பாவம், என்ன பண்ணும் அந்தப் புள்ள? காலையில நாச்சி வீட்டுல கஞ்சி குடிக்கும், மத்தியானம் ராக்கு வீட்டுல சோறு திங்கும், ராத்திரி வேலாயி பக்கத்துல ஒண்டிப் படுத்துக்கும். அப்படியே வளந்து பெரிய மனுஷியாகி, வேப்பங்காடுங்கிற ஊருல கட்டிக்குடுத்து, மாட்டுவண்டியில ஏத்தி அனுப்பிட்டாங்க.

அங்க ஒரு மாமியா. சாணி அள்ளவும் பூவாயி, தண்ணி தூக்கவும் பூவாயி, நெல்லு குத்தவும் பூவாயி. மாமியா வெத்தலை மடிக்க மட்டும்தான் கையைத் தூக்குவா. புருஷன் எங்கன்னு கேக்குறியா? இருந்தான், இருந்தான், அம்மா முன்னாடி தூணு மாதிரி நின்னுக்கிட்டு இருந்தான்.

இப்படி இருக்கையில பூவாயி முழுகாம இருந்தா, ஏழாம் மாசமும் ஆச்சு. தாய்வீட்டுலேர்ந்து வந்து வளையல் போட்டு, கட்டுச்சோறு ஆக்கிப்போட்டு, பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க இல்லையா? இவளுக்குத்தான் தாய்வீடே இல்லையே! மாமியா என்ன சொன்னா தெரியுமா? "வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கிறதுக்குள்ள உனக்குன்னு யாராச்சும் வளையலோட வந்தா கூட்டிட்டுப் போகட்டும். வரலைன்னா மாட்டுக்கொட்டாயிலதாண்டி உனக்குப் பிரசவம்"னா.

பூவாயி சந்தைக்குப் போற ஒரு ஆள்கிட்ட சேதி சொல்லி அனுப்பினா. அதைக் கேட்டதும் மூணு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை விடியறப்பவே புளிச்சோறு, தயிர்சோறு, பச்சையும் சிவப்புமா வளையல் எல்லாத்தையும் கூடையில அடுக்கி, வேலாயி தலையில தூக்கி வச்சுக்கிட்டு கெளம்பிட்டாங்க.

கெளம்பினாங்களே, வழி தெரியுமா? ஒருத்திக்கும் தெரியாது! கேக்கக் கூடாதான்னா, கேக்கக் கூடாது. வாசப்படி தாண்டினவங்களை ‘எங்க போறே’ன்னு கேட்டா போற காரியம் வெளங்காதுன்னு அந்த ஊர்ல அவ்வளவு கெட்டியா நம்புவாங்க. அதனால ‘எங்க’ங்கிற வார்த்தையையே ஒருத்தியும் வாயில எடுக்கல. நாச்சிக்குத் தெரியும்னு ராக்கு நெனச்சா, ராக்குவுக்குத் தெரியும்னு வேலாயி நெனச்சா, தப்பாப் போனா பின்னாடி வர்றவங்க சொல்லுவாங்கன்னு நாச்சி நெனச்சா. நெட்டைக்காலி அவ, அதனால முன்னாடி நடந்தா.

ஒரு ஆலமரத்துக்கிட்ட பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. நாச்சி நின்னு திரும்பி, "ம்?"னா. இதுதானான்னு அர்த்தம். ராக்குவுக்கு அது ‘வர்றீங்களா’ன்னு கேட்டுது, "ம்"னா. கூடை கனக்குதான்னு கேக்குறாளாக்கும்னு வேலாயி நெனச்சா, அவளும் "ம்"னா. சரின்னு நடந்தாங்க. அப்புறம் ஒரு ஓடைக்கரை வந்துது. அங்கயும் "ம்?", "ம்", "ம்". அப்புறம் ஒரு மொட்டைப் பாறை வந்துது. அங்கயும் "ம்?", "ம்", "ம்". அப்புறம் பாதையே இல்ல. முள்ளுக்காடுதான் இருந்துது, பொழுதும் மேக்க இறங்கிடுச்சு.

"உனக்கு வழி தெரியாதாடி?"ன்னா ராக்கு.

"நீதானே ம்னு சொன்னே!"ன்னா நாச்சி.

"நீ ‘வர்றீங்களா’ன்னு கேட்டதா நெனச்சேண்டி!"

வேலாயி சண்டைக்கு வரல. கூடையை இறக்கி வச்சுட்டு, "அங்க வாசல்ல நம்மளையே பாத்துக்கிட்டு நிப்பாளே"ன்னு அழுதா. அதைக் கேட்டு மத்த ரெண்டு பேரும் அவளைக் கட்டிக்கிட்டு அழுதாங்க.

அப்ப முள்ளுக்குள்ளேர்ந்து ஒரு கழுதை தலையை நீட்டிச்சு. "எங்க போறீங்க?"

"சீ! போறவங்களை எங்கன்னு கேக்கலாமா?"ன்னா நாச்சி.

"சரி, கேக்கல. எங்க போறீங்க?"

ராக்கு ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிஞ்சா. கழுதை கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டு மறுபடியும் கேட்டுது. "எங்கதாம்மா போறீங்க?"

வேலாயி மூக்கைச் சிந்திட்டு, "வேப்பங்காட்டுக்கு, எங்க பூவாயி வீட்டுக்கு"ன்னு சொல்லிட்டா.

"அட! அந்த ஊரு அழுக்கு மூட்டையெல்லாம் நான்தானே ஆத்துக்குச் சுமக்குறேன். பூவாயி சேலைன்னா எனக்கு நல்லாத் தெரியும். முந்தானை எப்பவும் ஈரமா இருக்கும். எனக்கு ஒரு உருண்டை சோறு குடுங்க, குறுக்குவழியில கூட்டிட்டுப் போறேன்"னுது கழுதை. சோத்தைத் தின்னுட்டு, கூடையையும் முதுகுல வாங்கிக்கிட்டு ஓட்டமா ஓடுது, பின்னாடியே இவங்களும் ஓடுறாங்க.

அங்க பூவாயி வாசல்லயே நிக்கிறா. "வரலையா?"ன்னா மாமியா. "வருவாங்க"ன்னா பூவாயி. மாமியா திரி திரிச்சுக்கிட்டே, "வரலையா?"ன்னா. "வருவாங்க." எண்ணெயும் ஊத்திட்டு, "இன்னுமா வரல?"ன்னா. பூவாயி தெருவையே பாத்துக்கிட்டு, "வருவாங்க"ன்னா. மாமியா நெருப்பை எடுத்துத் திரிக்கிட்ட கொண்டுபோறா...

கழுதை கத்திச்சு பாரு! நல்ல சகுனம்னு ஊரே வெளிய வந்துடுச்சு. மாமியா பதறி நெருப்பைக் கீழ போட்டுட்டா. மூணு பேரும் ஓடி வந்து பூவாயியைக் கட்டிக்கிட்டாங்க. "ஏண்டி இவ்வளவு நேரம்?"னா பூவாயி. ரெண்டு கையிலயும் வளையல் போட்டுவிட்டாங்க. அவ கையை ஆட்டினா, கலகலன்னுது. அந்தச் சத்தத்துக்கு வயித்துக்குள்ள இருந்த புள்ள துள்ளிச்சாம். வெளிய நமக்கு ஆளிருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

மாமியா பேச்சை மாத்திட்டா. "வளையல் போட்டாச்சுல்ல, கெளம்புங்க. இவ போயிட்டா சாணி யாரு அள்ளுறது?"ன்னா. மூணு பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தாங்க. வேலாயி, "சரிங்க அத்தே, சோறாச்சும் சாப்புடுங்க"ன்னு சொல்லி, ஊரையெல்லாம் உக்கார வச்சு, மாமியாளுக்குக் கையள்ளிப் புளிச்சோறு வச்சா. மாமியா வாய் நெறைய அடைச்சுக்கிட்டா.

"சோறு நல்லாருக்கா அத்தே?"ன்னா நாச்சி. "ம்."

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"ன்னா ராக்கு. "ம்."

"பூவாயியை இப்பவே கூட்டிட்டுப் போறோம், சாணியை நீங்களே அள்ளிக்கிறீங்க, சரிதானே?"ன்னா வேலாயி.

"ம்."

ஊரே கேட்டுது! "மாமியாளே ம்னு சொல்லிட்டா, கூட்டிட்டுப் போங்க தாயி"ன்னாங்க எல்லாரும். மாமியா சோத்தை முழுங்கி முடிக்கிறதுக்குள்ள பூவாயி கழுதை மேல ஏறி உக்காந்துட்டா. தூணு இருந்தானே, அவன்கூட அன்னைக்குத்தான் அசைஞ்சு வந்து அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டான். மறுநாள் விடியக்காலையில சாணிக்கூடையோட நின்னது யாருன்னு நான் சொல்லணுமா?

திரும்பி வர்ற வழியில மொட்டைப் பாறை வந்துது. நாச்சி பழக்கதோஷத்துல நின்னு, "ம்?"னா. "வாயைத் தொறந்து கேளுடி!"ன்னு மத்த மூணு பேரும் சேந்து சிரிச்சாங்க. அப்புறம் பூவாயிக்குப் பொட்டப்புள்ள பொறந்துது. நாச்சி வீட்டுல தொட்டில், ராக்கு வீட்டுல தாலாட்டு, வேலாயி பக்கத்துல தூக்கம்.

தெரியலைன்னா தெரியலைன்னு கேக்கணும், புரியலைன்னா ம் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். என்ன, கேட்டுச்சா?

ம்.

தூங்கிட்டியா?

ம்.

சரி, கதை வீடு போய்ச் சேந்துடுச்சு. நீயும் தூங்கு கண்ணு.