துரை இரவல் தந்த பெயர்

ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், கடற்கரைக் கோட்டையொன்றில் வான்டர்மேர் துரை வைத்ததுதான் சட்டம். சமைக்கிற குசினிக்காரன், குதிரைக்காரன், பல்லக்குக்காரன் எல்லாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்துத் தன் குடும்பப் பெயரையே சூட்டினார். தெருவெல்லாம் அது ஒலிக்கவேண்டுமாம். அவர்களை வேறு பெயரால் யாரும் கூப்பிடக்கூடாது என்று கட்டளையும் போட்டார்.

ஒருநாள் கிடங்கில் பத்து மூட்டை கறுவாப்பட்டையைக் காணோம். கறுவா திருடினால் தூக்கு. துரை குசினிக்காரன் பவிலுவைப் பிடித்துத் தூணில் கட்டினார். மூட்டைகளைக் கப்பல்காரனுக்கு விற்றது துரைதான் என்று சந்தைக்கே தெரியும். வாய்திறக்கத்தான் எவனுக்கும் துணிவில்லை.

தூக்குக்கு முன் கள்ளனின் பெயரைப் பறையடித்துச் சொல்லவேண்டும். பறைகாரர் வந்தார்.

"என்ன பேர் சொல்ல, துரை?"

"அவனையே கேள்!"

தூணில் கட்டுண்டபடியே பவிலு பறைகாரரிடம் சொன்னான்:

"துரை தந்த பேர்தான் அண்ணை. கட்டளை தெரியுந்தானே? மதிலேறி நிண்டு, சந்தை வரைக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

பறைகாரர் மதிலேறிப் பறையை முழக்கினார். "கறுவாக் கள்ளன் வான்டர்மேருக்கு இண்டைக்குத் தூக்கு!"

சந்தையிலிருந்து நூறு குரல் ஒன்றாக எழுந்தது:

"கடைசியில துரையைப் பிடிச்சிட்டாங்களடா!"

துரையின் கை தானாகவே தன் கழுத்தைத் தடவியது. அதே கையால், பவிலுவைக் கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்தார்.