மாலை ஐந்து மணிக்குள்

பாதிக் கதையில் எழுந்து போகிறவர்கள் தவறான ஆளைப் பழித்துவிடுவார்கள். ஆகவே முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பள்ளிபாளையத்தில் நல்லசிவம் என்றொரு விசைத்தறித் தொழிலாளி இருந்தார். தறியில் கை சிக்கி மூன்று விரல்களை இழந்தார். மருத்துவச் செலவுக்காக அவரும் மனைவி தெய்வானையும் கருப்பண்ணன் என்பவரிடம் மூன்று லட்சம் கடன் வாங்கினார்கள். ஈடாகத் தங்கள் இரண்டறை வீட்டை எழுதிக் கொடுத்தார்கள். ஆறாம் ஆண்டு பங்குனி முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அசலும் வட்டியும் முழுதாக வந்து சேராவிட்டால் வீடு கருப்பண்ணனுக்கே சொந்தம் என்பது பத்திரத்தில் கண்ட வாசகம்.

நல்லசிவம் நூல் குடோனுக்குக் காவலாளியாகப் போனார். தெய்வானை விடியலில் இட்லி விற்றாள், பகலில் நூல் சுற்றினாள். டிவியை விற்றார்கள். கேஸ் அடுப்பு மூலைக்குப் போய் விறகடுப்பு வந்தது. இன்னொரு கடன் வாங்கி இந்தக் கடனை அடைப்பதில்லை என்பதில் இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி கருப்பண்ணன் மொபெட்டில் வந்து பணத்தை எண்ணி வாங்கிப் போவார். அடைமழையிலும் வந்தார். தன் தம்பி இறந்த மாதத்திலும் வந்தார்.

கடைசித் தவணைக்கு மட்டும் வரவில்லை.

பங்குனி ஐந்து கழிந்தது, பத்தும் கழிந்தது. அவருடைய போன் அணைந்து கிடந்தது. அந்த வாரம் யாரோ நாலு பேர் தெருவை டேப் பிடித்து அளந்து, மின்கம்பங்களில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே பைபாஸ் வருகிறதாம், இடத்தின் விலை பத்து மடங்கு ஏறிவிட்டதாம். இதைக் கேட்டதிலிருந்து தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை. கருப்பண்ணன் வராதது கெடுவைத் தாண்டவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இருவரும் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனார்கள். கேட் பூட்டியிருந்தது. அவர் மனைவி சௌந்தரம் உள்ளே நின்றபடி, "அவரு ஊர்ல இல்லீங்க" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்தடுத்த நாள்களில் அவள் வெளியே வருவதே நின்றுபோனது.

உண்மையில் கருப்பண்ணன் எங்கும் போகவில்லை. பின்னறையில் இருந்தார். அவருக்கும் சௌந்தரத்துக்கும் ஒரே மகளான இலக்கியா பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவள். அவள் தலைமேல் மனைவியின் கையை வைத்து அவர் சத்தியம் வாங்கியிருந்தார்: "அவங்க பணத்தை நீ கையில வாங்கக் கூடாது. நான் உள்ளே இருக்கறதை வாயால சொல்லக் கூடாது."

பங்குனி முப்பது வந்தது. பணம் இருந்த மஞ்சள் பையோடு கணவனும் மனைவியும் காலையிலேயே அந்தக் கேட்டின் முன் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. மூன்று மணிக்குச் சௌந்தரம் கம்பிக்கு அருகே வந்தாள்.

"போயிருங்க தெய்வானை. எம் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் வாங்கியிருக்காரு. என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

நல்லசிவம் எழுந்து மனைவியின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "எந்திரி, போலாம். வீடு போனாப் போகட்டும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம அந்த வீட்டுல கண்ணை மூட முடியுமா?"

"சத்தியம் நானா வாங்கினேன்? குடுக்க வேண்டியதைக் கொண்டாந்திருக்கோம். நான் எந்திரிக்க மாட்டேனுங்க."

நல்லசிவம் தனியாக வீட்டுக்கு நடந்தார். பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினார். தெய்வானை அசையவில்லை. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. சௌந்தரம் சாவியோடு வந்து கேட்டைத் திறந்தாள். முன்கதவை அகலத் திறந்தாள். பின்னறைக் கதவையும் திறந்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தெருவிலிருந்தே எல்லாரும் பார்த்தார்கள். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் கருப்பண்ணன். தெய்வானை நேரே போய்ப் பையை அவர் மடியில் வைத்தாள்.

"இன்னும் கால் மணி நேரம் இருக்குதுங்க. எண்ணிக்குங்க."

இத்தனை கண்களுக்கு முன் அவரால் மறுக்க முடியவில்லை. எண்ணினார். பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து, கடன் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "என்ன காரியம் பண்ணினே?"

"நான் வாங்கவும் இல்லை, சொல்லவும் இல்லை" என்றாள் சௌந்தரம்.

தெய்வானை கேட்டைத் தாண்டும்போது, உள்ளறையில் இலக்கியாவின் மூச்சு விசில் போலக் கேட்கத் தொடங்கியது. சௌந்தரம் அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இப்போது சொல்லுங்கள். பிறர் பிள்ளைக்காக வீட்டையே விட்டுவிடத் துணிந்தார் நல்லசிவம். நியாயம் தன் பக்கம் என்று எழ மறுத்தாள் தெய்வானை. கேட்டைத் திறந்துவிட்டாள் சௌந்தரம். இதில் யார் செய்தது சரி? சௌந்தரம் சத்தியத்தைக் காத்தாளா, மீறினாளா?

விடை: மீறினாள். வாங்கவில்லை, சொல்லவில்லை என்பது நாக்கின் கணக்கு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதே மீறல் என்று அறிந்திருந்ததால்தான். ஆனாலும் சரியாக நடந்தவள் அவளே. நல்லசிவத்தின் இரக்கம் பெரியது, ஆனால் அது வஞ்சகனுக்கு வீட்டைத் தந்திருக்கும். தெய்வானை கேட்டது தன் உரிமையை. சௌந்தரத்துக்கோ அந்தக் கேட்டைத் திறப்பதில் ஒரு காசு லாபமில்லை, பறிபோகக் கூடியது மகள். பிறர் வீட்டைப் பறிக்க வாங்கிய சத்தியத்தின் பாவம், அதற்காகப் பெண்ணின் தலையைப் பிடித்தவரையே சேரும். இலக்கியா விடியும்வரை தாயின் மடியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்து, விடிந்தபின் பிழைத்தாள். அந்நேரம் முழுதும் கருப்பண்ணன் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மகளின் அருகே போக அவருக்கு அதன்பிறகு வெகுநாள் துணிவு பிறக்கவில்லை.