அணையாத அடுப்பு

மூங்கில் காட்டில் கருப்பாயி என்றொரு கரடி கிழங்கு சுட்டு விற்று வந்தது. மூன்று கல், நடுவில் கரி, மேலே கிழங்கு. அவ்வளவுதான் கடை. பழமோ கொட்டையோ, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு கிழங்கைக் கொடுக்கும். பல வருஷமாக இதே வேலை. புகையில் கண் எரியும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். மாலையானால் கருப்பாயிக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

போன கோடையில் அந்த மூன்று கல் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தது. பக்கத்தில் இருந்த மூங்கில் புதர் முழுதும் எரிந்துபோனது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காட்டின் தலைவியான யானை அதை மறக்கவில்லை. இந்த வருஷம் வெயில் ஏற ஆரம்பித்ததும் நேராகக் கடைக்கு வந்துவிட்டது.

"கிழங்கு சுடாதேன்னு சொல்லல, கருப்பாயி. நாங்களும் சாப்பிடறவங்கதான். ஆனா மழை வர்ற வரைக்கும் திறந்த அடுப்பு கூடாது. மூடி போட்ட அடுப்பா இருக்கணும். மூடினா நெருப்பு அடங்கணும்."

"அப்படி ஒரு அடுப்புக்கு நான் எங்கே போவேன்?"

"அது உன் பாடு," என்று சொல்லிவிட்டு யானை நடந்தது. உத்தரவு போடுகிறவர்கள் அடுப்பைத் தேடி அலைவதில்லை.

மறுநாளே மாசானம் என்கிற நரி வந்து சேர்ந்தது. எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ! பின்னால் கடகடவென்று ஒரு அடுப்பை இழுத்துக்கொண்டு வந்தது. உருண்டையான இரும்புச் சட்டி, மூன்று குட்டைக் கால், மேலே பூசணிக்காயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி ஒரு கறுப்பு மூடி. மூடியில் ஒரு காற்றுத் துளை. சட்டிக்கு அடியில் இன்னொரு துளை.

"மேலேயும் கீழேயும் தகடு இருக்கு அக்கா. திறந்து வச்சா கரி எரியும். ரெண்டையும் அடைச்சு மூடியைப் போட்டா, காத்து இல்லாம நெருப்பு தானா அடங்கிடும். மிச்சக் கரி அடுத்த நாளைக்கு ஆச்சு. டவுன்ல இதைக் கிரில்னு சொல்றாங்க," என்றது நரி.

"பழசா?"

"கை மாறினதுதான். ஆனா நல்லா உழைச்ச பொருள்."

"நல்லா உழைச்சதுன்னா, என்னை மாதிரின்னு சொல்லு," என்றது கரடி. "சரி, என்ன கேக்கறே?"

"பலா மரத்துல தொங்குதே, அந்தத் தேனடை."

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தேனடைதான் அதற்கு இருந்த ஒரே சேமிப்பு. மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் வேறு எதுவும் கிடைக்காதபோது சாப்பிட என்று ஆசையை அடக்கி விட்டு வைத்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, அடுப்பும் சரியில்லாமல் போனால் கோடை முழுதும் பட்டினிதான். கொடுக்காவிட்டால் கடை இல்லை.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்," என்றது.

நரி சளைக்கவில்லை. அடுப்பை ஒரு பாறைமேல் வைத்துக் கரியைப் பற்றவைத்தது. கிழங்கை உள்ளே வைத்து மூடியது. புகை கண்ணுக்கு வரவில்லை, கிழங்கும் பதமாக வெந்தது. எல்லாம் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் கரிமேல் ஊற்றியது. புஸ் என்று அணைந்தது.

"சுத்தமா அணைச்சு வைக்கறதுதான் நம்ம பழக்கம்," என்றது நரி.

அடியில் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்கக் கருப்பாயியின் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

விஷயம் காட்டில் பரவியதும் யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் மயில். மூடியில் தன் தோகை தெரிகிறதா என்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டது. "என்ன பளபளப்பு! யோசிக்காம வாங்கு," என்றது. பிறகு குரங்கு. ஒவ்வொரு தடவையும் நரி சுட்டுக் காட்டிய கிழங்கை அதுதான் தின்றது. "இன்னும் ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு," என்று தினமும் சொன்னது. அதற்கென்ன, வாய்க்கு ருசியாகக் கிழங்கு கிடைக்கிறது.

நரி தினமும் வந்தது. தினமும் பற்றவைத்தது, சுட்டது, தண்ணீர் ஊற்றியது. கரடி தினமும் தேனடையைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது, "நாளைக்குச் சொல்றேன்" என்றது. ராத்திரி தூக்கம் வரவில்லை. வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாமா, வேண்டாமா? கிழங்கு சுட்ட காலத்தில்கூட இவ்வளவு அலுப்பு இருந்ததில்லை. அடுப்பு நல்லதா என்ற கேள்வியே மெல்ல மறந்துபோனது. இந்தப் பேச்சு எப்போது முடியும் என்பதுதான் மிஞ்சியது.

கடைசியில் ஒரு மத்தியானம், கிழங்கு வெந்துகொண்டிருந்தபோதே கருப்பாயி கையை உதறியது.

"எடுத்துக்க தம்பி. தேனடையை எடுத்துக்க. அடுப்பை வச்சுட்டுப் போ. இதுக்கு மேல என்னால முடியாது."

நரியின் முகம் மலர்ந்தது. கிழங்கை வெளியே எடுத்துவிட்டு வழக்கம்போலக் குடத்தைத் தூக்கியது. குடம் காலி. வெயிலுக்குக் குளம் சுருங்கி எங்கோ தூரத்தில் கிடந்தது.

"கொஞ்சம் இரு அக்கா, தண்ணி கொண்டாந்துடறேன்."

"எதுக்கு? மூடினா அடங்கும்னுதானே சொன்னே? மூடி வச்சுட்டுப் போ."

"மூடினா அடங்கும்தான். இருந்தாலும் தண்ணி ஊத்திட்டா ஒரு நிம்மதி."

"எனக்கு ஊத்தாட்டியும் நிம்மதிதான்."

"இல்ல அக்கா, தண்ணி ஊத்தியே ஆகணும்!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நரி ஓடியது. இவ்வளவு வேகமாக அது ஓடி யாரும் பார்த்ததில்லை.

கருப்பாயி எழுந்து மூடியைப் போட்டது. மேல் துளையை அடைத்தது. அடித் தகட்டின் கைப்பிடியையும் அடைக்கும் பக்கமாகத் தள்ளியது. அது தடையே இல்லாமல் லொடலொடவென்று ஆடியது. ஏன் என்று பார்க்கத் தெம்பில்லை. அப்படியே மர நிழலில் படுத்தது. முடிவு எடுத்தாகிவிட்டது. பல நாள் தூக்கம் ஒரேயடியாக அமுக்கியது.

கருகல் வாடை மூக்கில் ஏறியதும்தான் விழித்தது. பாறைக்குக் கீழே சருகு புகைந்துகொண்டிருந்தது. அடுப்பின் அடியிலிருந்து சிவந்த கங்கு ஒன்று நழுவி விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. சருகில் குட்டியாக ஒரு தீ நாக்கு எழுந்தது. கருப்பாயி துள்ளி எழுந்தது. எரிந்துபோன மூங்கில் புதர் கண்முன் வந்தது. களைப்பு எங்கே போனதோ, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டியது. காலால் மிதித்தது. உள்ளங்கால் வெந்துபோனது.

அதற்குள் நரி தண்ணீரோடு வந்து அடுப்பில் கவிழ்த்தது. இரண்டும் மூச்சு வாங்க உட்கார்ந்தன.

கருப்பாயி முதல்முறையாகக் குனிந்து அடியைப் பார்த்தது. அங்கே தகடே இல்லை. துருப்பிடித்து உதிர்ந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கைப்பிடி மட்டும் சும்மா தொங்கியது.

"மூடினா அடங்காது. அதனாலதான் தினமும் தண்ணி," என்றது கரடி.

நரி தலையைக் குனிந்துகொண்டது.

"எரியுதான்னுதான் எல்லாரும் பாக்கறாங்க அக்கா. அணையுதான்னு யாரும் பாக்கறதில்ல. நானும் பாக்கல. நரிமேட்டுல இருந்த என் வளையைக் கொடுத்துட்டு இதை வாங்கினேன். ஒரு கழுதைப்புலி வித்துச்சு. பேசிப் பேசியே என்னைக் களைக்க வச்சுது. போதும்டா சாமின்னு வாங்கிட்டேன். அன்னிலேர்ந்து இதை இழுத்துக்கிட்டு காடு காடா அலையறேன். எனக்கும் முடியல."

கருப்பாயிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிரில் இருந்தது தன்னைப் போலவே தூங்காத முகம்.

"கிழங்கு ஆறிடும், சாப்பிட்டுப் போ," என்றது. "தேனடை என்கிட்டயே இருக்கட்டும். அடுப்பை நீ எடுத்துக்க."

நரி சாப்பிட்டது. பிறகு அடுப்பை இழுத்துக்கொண்டு அடுத்த காட்டுப் பக்கம் நடந்தது. கடகட சத்தம் வெகுநேரம் கேட்டது. அங்கே களைத்துப்போன யார் இதை வாங்கப் போகிறார்களோ என்று கருப்பாயிக்கு வருத்தமாக இருந்தது.

அந்தக் கோடையில் கடை திறக்கவில்லை. குரங்கு இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனது. கருப்பாயி தேனைத் துளித் துளியாகச் சாப்பிட்டது. பசி முழுதாக அடங்கவில்லைதான். ஆனால் பட்டினி இல்லை. காடு எரியவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது. தேனடையில் மெழுகு மட்டும் மிஞ்சிய சமயத்தில் மழை வந்தது.

நனைந்த மண்ணில் மூன்று கல்லை வைத்து மறுபடியும் கரி மூட்டியது கருப்பாயி. முதல் ஆளாக வந்து நின்றது நரி. கை வீசிக்கொண்டு வந்திருந்தது.

"எங்கே அடுப்பு? வித்துட்டியா?"

"அடுத்த காட்டுல ஒரு முள்ளம்பன்றி வாங்கறேன்னு சொல்லிடுச்சு. பாவம், அலைஞ்சு ஓஞ்ச ஜீவன். குடம் நிறையத் தண்ணி பக்கத்துலயே இருந்துச்சு அக்கா." நரி கரியைப் பார்த்தது. "ஆனா நான் ஊத்தல."

"அப்புறம்?"

"மூடி வச்சுட்டு, கொஞ்ச நேரம் உக்காந்து பாருன்னு சொன்னேன். பாத்துட்டு வேணாம்னுடுச்சு. அடுப்பை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப அதுல ஒரு காட்டுக்கோழி அடைகாக்குது."

கருப்பாயி இருந்ததிலேயே பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து, சாம்பலைத் தட்டி நரியிடம் கொடுத்தது. வளை போனது போனதுதான். ஆனாலும் அன்று ராத்திரி கருப்பாயியின் குகை ஓரத்தில் நரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது.

அலுப்புத் தீர்ந்தால் போதும் என்று எதையும் வாங்காதீர்கள். எந்த வேலைக்காக வாங்குகிறீர்களோ, அந்த வேலையை அது செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.