பொட்டு வைக்காத கல்

கடலோர ஊர் ஒன்றில் ஒரு தகரக் கூரை வீடு இருந்தது. கடலைப் பார்த்த கூரை மூலையில் ஒரு கருங்கல் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரன் கலியன், தெருத்தெருவாக வண்டி தள்ளி இஸ்திரி போடுகிறவன். அஸ்திவாரத்துக்குப் போக மீந்த கல் அது. அந்த மூலையில் ஆணி சரியாகப் பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கி மேலே வைத்தான். வைத்ததோடு சரி. அதற்குப் பிறகு அவன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கல்லுக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஆயுத பூசை அன்று கலியனின் மனைவி தனபாக்கியம் வீட்டிலிருந்த அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மகள் செவ்வந்தி ஒவ்வொன்றின் பேரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இஸ்திரிப் பெட்டி. தள்ளுவண்டி. அரிவாள்மணை. விளக்குமாறு. கடைசியில் தட்டில் கொஞ்சம் குங்குமம் மீந்தது. அதை எலிப்பொறிக்கு வைத்தார்கள். கூரைமேல் யாரும் ஏறவில்லை.

"எலிப்பொறிக்கு," என்றது கல், பக்கத்தில் கிடந்த பழைய டயரிடம். "கேட்டியா? எலிப்பொறிக்கு."

"வுடுண்ணே. எனக்கும்தான் வைக்கல."

"நீ ஓட்டை டயரு. உனக்கு எதுக்கு?"

"அது சரி," என்று சிரித்தது டயர்.

அடியில் கிடந்த தகரம் முனகியது. "பொட்டு இல்லாமலே இந்தக் கனம் கனக்குறே. கொஞ்சம் தள்ளி உக்காரேண்ணே. முதுகு ஒடியுது."

கல் தள்ளி உட்காரவில்லை. ஐப்பசி மழை முழுக்க நனைந்துகொண்டே கறுவிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது.

விடியும்போதே கடல் பக்கம் வானம் ஈயச்சட்டி நிறத்தில் கிடந்தது. கலியன் அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. அதையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினான். குளிருக்கு இதமாக இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினான். கைக்குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி மடித்தான். குழந்தை சேலைத் தூளியில் கிடந்தது. வீட்டில் ஒழுகாத இடம் அந்த மூலை ஒன்றுதான் என்று தூளியைக் கல்லுக்கு நேர் கீழே கட்டியிருந்தார்கள்.

மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசனை தகர இடுக்கு வழியாக மேலே வந்தது. பேச்சும் வந்தது.

"ஒரு நாளாச்சும் வீட்டுல குந்தியிருக்கீங்களே. இந்தப் புயலுக்கு ஒரு கும்புடு போடணும்," என்றாள் தனபாக்கியம்.

"கும்புட்டா தெனமும் வந்துரும். அப்புறம் கெழங்குக்கு என்னா பண்ணுவே?"

"அப்பா, என் பாவாடையையும் சூடு பண்ணிக் குடு," என்றாள் செவ்வந்தி.

"தம்பி துணி முடியட்டும். வண்டிகிட்ட எல்லாரும் வரிசையில நிக்கல? நீயும் நில்லு."

மூன்று பேரும் சிரித்தார்கள். கல்லின் முகத்தில் மழை சாட்டை மாதிரி அடித்தது.

காற்று முதலில் டயரிடம்தான் வந்தது. "என்னா தம்பி, ரோட்டுல பறந்தவன் நீ. இப்புடிக் கூரையில படுத்துக் கெடக்குறியே. வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

டயருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வர்றேண்ணே," என்று கல்லிடம் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றது. கூரைச் சரிவில் ஒரே ஓட்டம். வேலியைத் தாண்டிக் குட்டையில் விழுந்தது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு முங்கிப் போயிற்று.

தகரம் நடுங்கியது. "அண்ணே, ஆணி ஆடுது. இந்த மூலைக்கு இனிமே நீதான்."

காற்று கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. மோதவில்லை. காதருகே குனிந்து பேசியது.

"உன்னைத் தள்ள என்னால ஆவாது. அது எனக்குத் தெரியும். நீயா நகந்தாத்தான் உண்டு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எலிப்பொறிக்கு வெச்சாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"டயரு போறப்ப சொன்னான். பாவம், வருத்தப்பட்டான். எங்கண்ணன் மானஸ்தன், அங்கேயே கெடக்குதுன்னான்."

காற்று இன்னும் நெருங்கிக் குனிந்தது.

"கீழ கதகதன்னு இருக்குதுங்க. கெழங்கு தின்னுதுங்க. மேல ஒருத்தன் நனையறானேன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? விழ வேணாம்பா. கொஞ்சம் அசைஞ்சு காட்டு. அப்பவாச்சும் உன் நெனப்பு வருதான்னு பாப்போம்."

அது நியாயமாகத்தான் பட்டது. கல் அசைந்தது. இரண்டு விரற்கடை தூரம்.

மூலைத் தகரம் தட்டென்று எழும்பி அடித்தது. தூளிக் கயிற்றில் தண்ணீர் சொட்டியது. கீழே சிரிப்பு நின்றது.

"மேல என்னமோ நகருதே," என்றான் கலியன்.

கல் காதைத் தீட்டிக்கொண்டது.

"எலியா இருக்கும்," என்றாள் தனபாக்கியம். "மழைக்கு ஒதுங்க எடம் தேடுது."

"பொறியை எடுத்து வைக்கவாம்மா?" என்றாள் செவ்வந்தி.

காற்றுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எலியாமே. இதுக்கு மேல என்னா வேணும் உனக்கு?"

கல்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போதும் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் சரிவில் உருண்டுவிடலாம். கனம் விலகியதும் காற்று மூலைத் தகரத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியது. ஆணி பிடுங்கிக்கொண்டது. ஒரு சாண் இடுக்கு திறந்தது.

வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று கல் அன்றைக்குத்தான் பார்த்தது. வெதுவெதுப்பான ஆவி அதன் முகத்தில் பட்டது. நேர் கீழே தூளி. தூளிக்குள் குழந்தை. கன்னத்தில் கறுப்புப் பொட்டு.

நேத்து வந்த பயல், இவனுக்கும் பொட்டு, என்று கல் நினைத்தது.

குழந்தை மல்லாந்து கிடந்தது. அழவில்லை. மேலே தெரிந்த கல்லைக் கண் கொட்டாமல் பார்த்தது. ஒரு மழைத்துளி நெற்றியில் விழுந்தும் பார்வையை எடுக்கவில்லை. அந்த வீட்டில் கல்லை ஏறிட்டுப் பார்த்த முதல் ஆள் அதுதான்.

"உருளு," என்றது காற்று.

"இரு."

"எதுக்கு?"

"ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்."

கல் முழுக் கனத்தையும் சேர்த்துத் தகரத்தின் மேல் உட்கார்ந்தது. இடுக்கு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு காற்று நயமாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டு ஓலையைப் பிய்த்து எறிந்தது. முருங்கை மரத்தை முறுக்கிப் போட்டது. திரும்பத் திரும்ப வந்து அந்த மூலையில் மோதியது. எங்கிருந்தோ பறந்து வந்த ஓடு பட்டுக் கல்லின் நெற்றியில் ஒரு சில்லு தெறித்தது. ஆணியில்லாத மூலையில் கல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

"போயிடாதேண்ணே," என்று தகரம் அழுதது. "இனிமே கனம்னு வாயே தொறக்க மாட்டேன்."

கல் பதில் சொல்லவில்லை. பேசினால் கனம் குறைந்துவிடுமோ என்று அதற்குப் பயமாக இருந்தது. கீழே குழந்தை அழுவதும், தனபாக்கியம் தூளியை ஆட்டுவதும், அப்புறம் அழுகை ஓய்வதும் கேட்டது. பொழுது சாயும்போது காற்று களைத்துப்போய் வடக்கே திரும்பியது.

மறுநாள் வெயில் அடித்தது. கலியன் கூரையில் ஏறினான். கல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தனம், ஒண்ணுமே ஆவல," என்று கலியன் கீழே குரல் கொடுத்தான். "தெருவுல பாதிக் கூரை போயிருச்சு. நம்ம தகரம் அசையல. நான் பாத்து வாங்குன தகரமாச்சே."

தகரம் கூச்சத்தோடு மினுங்கியது.

கலியன் பிடுங்கிய ஆணியைப் பழைய ஓட்டையிலேயே செருகி நாலு தட்டு தட்டினான். அப்போதுதான் கல்லைப் பார்த்தான். அது முன்பு இருந்த, பாசி படியாத தடத்தையும் பார்த்தான்.

"அட, இது நகந்துல்ல இருக்கு. நேரா தூளிக்கு மேல. புள்ள தலையில விழுந்திருந்தா?"

"ஐயையோ, மொதல்ல அதை எறக்குங்க," என்றாள் தனபாக்கியம். "தூர எறிஞ்சிடாதீங்க. புள்ளத் துணி தொவைக்க ஒரு கல்லு வேணும்."

கலியன் அதை உருட்டிக் கீழே தள்ளினான். கிணற்றடிக்குப் புரட்டிக்கொண்டு போய்ப் போட்டார்கள். தனபாக்கியம் தேய்த்துக் கழுவினாள். செவ்வந்தி குங்குமச் சிமிழோடு ஓடி வந்தாள்.

"வீட்டுக்குப் புதுசா வந்த கல்லுல்லம்மா," என்று சொல்லி, சில்லு தெறித்த இடத்தில் குழைத்த குங்குமத்தைப் பெரிதாக வைத்தாள்.

கல்லுக்கு நெஞ்சு விம்மியது. குட்டையில் கிடந்த டயருக்குக் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எலிப்பொறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடியது.

மேலே தகரம் பெருமூச்சு விட்டது. "அப்பாடா. இப்பத்தான் முதுகு நிமிருது."

கலியன் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியைத் தெருவில் தள்ளினான். தனபாக்கியம் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். அப்போது கடல் பக்கமிருந்து சின்னக் காற்று ஒன்று வந்தது. வெறுங்கையோடு ஊர் பார்க்க வந்ததுபோல் மெதுவாக வந்தது. கிணற்றடியில் நின்று கல்லைப் பார்த்தது. பொட்டையும் பார்த்தது.

"நல்லா இருக்கு," என்றது.

பிறகு கூரைக்கு ஏறியது. கல் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவியது. ஆணியை ஒரு விரலால் நெம்பி, மூலைத் தகரத்தைச் சற்றே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தது. சத்தம் வராமல் திரும்ப வைத்தது.

"கலியா," என்று கத்தியது கல். "என்னைத் தூக்கி மேல வையி."

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கல்லின் நெற்றியில் குங்குமம் இன்னும் காயவில்லை.