பத்துப் பெயரும் கண்ட சிப்போரா அம்மையார்

மலையாளக் கரையில் யூதர்கள் நாற்பது வீட்டுக்காரர் வாழ்ந்த ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே ஜெப ஆலயத்தில் தொங்கும் கண்ணாடி விளக்குகளைக் கழுவும் வேலை சிப்போரா அம்மையாருடையது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுவார். சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, திரியிட்டு ஏற்றுவார். சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு தீயைத் தொடக் கூடாது என்பது யூதர்களின் வேதமான தோராவின் கட்டளை. அம்மையார் இருந்த வரையில் ஒரு வெள்ளியன்றும் ஒரு விளக்குகூட ஏற்றப்படாமல் கிடந்ததில்லை.

பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது. பேச்சு மட்டும் மிஞ்சியது; பிறர் சொல்வதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கணவரும் சீக்கிரமே காலமாக, வயிற்றுப்பாட்டுக்காக ஓர் அரிசி வியாபாரி வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் சனிக்கிழமை வந்தது. “ஒரு நாள்தானே, வந்துட்டுப் போயேன்” என்றாள் வீட்டுக்காரி. ஓய்வுநாளில் வேலை செய்வதில்லை என்று அம்மையார் கைகூப்பி மறுத்தார். அதோடு அந்த வேலை போயிற்று.

அந்த மாதம் முழுக்க உப்புக் கஞ்சிதான். ஆனாலும் வெள்ளி மாலை வந்ததும் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு நின்றாரே, அதைச் சொல்ல வேண்டும்! யூதர்கள் ஓய்வுநாளை ராணி என்பார்கள். “ராணி வரும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டா நிற்பது?” என்று சிரிப்பார்.

அப்படிப்பட்டவரையும் அழவைத்தது பூரிம் பண்டிகை. முன்னொரு காலத்தில் பாரசீகத்தில் ஆமான் என்ற மந்திரி யூதர் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொல்லத் திட்டமிட்டான். எஸ்தர் ராணி துணிந்து நின்று அவர்களை மீட்டாள். அந்தக் கதை எழுதிய சுருளை வாசிக்கும்போது, ஆணும் பெண்ணும் ஒரு சொல் விடாமல் கேட்டாக வேண்டும். ஆமான் பெயர் வந்தாலோ, அவன் பெயரே அமுங்கிப்போகும்படி காலை உதைத்துக் கட்டையைத் தட்டி அமர்க்களம் செய்வார்கள்.

கேட்பதே கடமை என்றால், கேளாத காது என்ன செய்யும்? காது போகுமுன்பே தந்தை அந்தச் சுருளை அவருக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். மாடியில் வாசிக்கும் மேடைக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே ஒரு மரக் கிராதிதான். அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு, வாசிப்பவரின் உதட்டையே பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாகத் தானும் முணுமுணுப்பார். “செவிட்டுக்குப் பண்டிகை கேக்குது பாரு!” என்று பின்னால் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வாசிப்பவர் ஒபதியா நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். ஒரு நாள் அவர் அம்மையாரிடம், “அக்கா, காது கேளாதவங்களுக்கு இந்தக் கடமை இல்லை. நீங்க வீட்டிலேயே இருங்க, பாவமில்லை” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அம்மையாரின் கண் நிறைந்துவிட்டது. “செவிடர்களை விட்டுவிடுகிறேன் என்றா ஆமான் சொன்னான்? சாக வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. மீட்கப்பட்டவர்களில் மட்டும் நான் இல்லையா, ஐயா?”

 ஒபதியா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மறு ஆண்டு பூரிம் மாலை. பகலெல்லாம் எஸ்தர் நோன்பு, எல்லோருக்கும் பசி. ஒபதியாவும் ஓட்டமாக வாசித்தார். ஆமானின் பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வரும் இடம் வந்தது. பத்தையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். முதல் பெயரிலேயே ஜனங்கள் உதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சத்தத்தில் கூரையே இடிந்து விழும்போலிருந்தது. அரிசாய், அரிதாய் என்று ஒன்றுபோல் இரண்டு பெயர்கள் உண்டு. ஒபதியாவின் உதடுகள் அரிசாயைச் சொல்லி, அரிதாயைத் தாண்டிக் கடைசிப் பெயருக்குப் போய்விட்டன.

அம்மையார் அதைக் கண்டார்.  வாசிப்பின் நடுவே பேசக் கூடாது. பேசாவிட்டாலோ ஊர் முழுவதும் கடமை தீராமல் வீட்டுக்குப் போகும்.

“ஒபதியா ஐயா! ஒன்பதுதான் சொன்னீர்கள்! அரிதாய் விட்டுப்போயிற்று!” தம் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. அத்தனை சத்தத்துக்கும் மேலே அது எழுந்தது.

“அடக் கடவுளே, கேளாத காது திருத்த வந்துட்டுதா!” என்று ஒருவர் கத்தினார். ஒபதியாவுக்கும் முகம் சிவந்தது. ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். கையமர்த்திவிட்டு, “பத்துப் பெயரையும் கேட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? எல்லோரும் உதைத்துக்கொண்டல்லவா இருந்தார்கள்!

ஒபதியா விட்ட இடத்திற்குத் திரும்பிப் பத்துப் பெயரையும் நிதானமாக வாசித்தார். யாரும் அசையவில்லை. முடிவு வரை வாசித்த பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: “இந்தச் சுருளில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மறைந்திருந்தே நம்மைக் காத்தார் என்று வருஷா வருஷம் சொல்கிறோம். இன்றைக்கு அவர் எங்கே மறைந்திருந்தார் என்று பார்த்தீர்களா?”

பிறகு கிராதியின் பக்கம் திரும்பினார். அம்மையாருக்குப் புரியும்படி உதடுகளை மெல்ல அசைத்தார். “அக்கா, நான் சொன்னது தப்பு. இந்தக் கடமை உங்களுக்கும் உண்டு. நீங்கள் மீட்கப்பட்டவர்களில் ஒருவர். ஆண்டவரே இன்று அதைச் சொல்லிவிட்டார்.”

அம்மையார் கிராதியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். சிரித்த பெண்களும் அவர் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார்கள்.

அதன்பின் அம்மையார் வாழ்ந்த பதினேழு ஆண்டுகளும், வாசித்து முடித்ததும் ஒபதியா சுருளை உடனே சுற்றமாட்டார். கிராதியைப் பார்ப்பார். உள்ளிருந்து அம்மையார் தலையசைத்த பிறகே, “நம் கடமை தீர்ந்தது” என்று சபைக்குச் சொல்வார். ஆண்டவர் கணக்கில் வைத்த அந்தத் தாயின் பெயர் ஆசீர்வாதமாக நிலைப்பதாக.