யாரும் வராத பெயர்

“டீச்சர், கூட்டம் வர்ற பேரை வாங்கணுமா, நல்ல பேரை வாங்கணுமா?”

இதைக் கேட்ட தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சர் அமலிக்கு முப்பத்தொன்று.

இணையதளங்களுக்கு வைக்கிற பெயர்களை, டொமைன் என்பார்களே, அவற்றை வாங்கி விற்பதுதான் டீச்சருக்குத் தொழில். தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை. தொழில் பழக வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலை பாடம். பாடம் என்று பேர்தான், பாதி நேரம் டீச்சர் வாயே திறக்க மாட்டார்.

தில்லைநாயகம் இருபத்தேழு வருடம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவர். கடையை விட்டு நின்றபோது கைக்கு வந்த பணம் ஒரே ஒரு பெயர் வாங்கத்தான் காணும். தப்பினால் மறுபடி போய்ச் சேலை மடிக்க வேண்டியதுதான்.

“என்ன பேர் அண்ணாச்சி?”

மூன்று எழுத்தும் நாலு எண்ணும் கலந்த ஒரு பெயரைச் சொன்னார். வாய்க்குள் நுழையாத பெயர்.

“ஆனா தினம் நாலாயிரம் பேர் வாராங்க டீச்சர். எல்லாம் நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க. விளம்பரத்துல மாசாமாசம் காசு வருதாம். விக்கிறவன் போன வருஷக் கணக்கையே குடுத்துட்டான்.”

நாள்வாரியாக அச்சடித்த தாள்களை மேசை முழுக்க விரித்தார். பழக்கதோஷம்.

“இன்னொண்ணு?”

“அதுவும் இதே விலைதான். பேரு நல்லாருக்கும். ஆனா ஒரு ஈ காக்கா வராது.”

“பேரைச் சொல்லுங்க.”

சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு. அதற்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

“அது... ஏதோ ஒரு பேரு.”

சொல்வாரா? போன மாதம் கூடப் படிக்கிற சேவியர் இதே அறையில் ஒரு பெயரை வாய்விட்டுச் சொன்னான். சாயங்காலத்துக்குள் அதை யாரோ வாங்கிவிட்டார்கள். அறையில் இருந்தது மூன்றே பேர். தான் வாங்கவில்லை என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும்.

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த போன வருடத்துக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தார்.

“தாளையும் இதையும் எடுத்துக்கிட்டுப் போய்ப் படியில உக்காருங்க. பாத்துட்டு வாங்க.”

“எதை டீச்சர் பாக்க?”

கதவு சாத்தியாகிவிட்டது.

படியில் உட்கார்ந்தவர் சாத்திய கதவையே பார்த்தார். என்னை எதுக்கு வெளியே தள்ளணும்? உள்ளே கீபோர்டு தட்டுகிற சத்தம் வேறு. சீட்டில் இருக்கிறதை எட்டிப் பார்த்திருப்பாளோ? மனசுக்குள் மரியாதைகூடக் குறைந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

போனை எடுத்து, அந்த நல்ல பெயர் இன்னும் விலைக்கு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தார். இருந்தது.

உள்ளே சத்தம் நின்றது. பதறிப்போய் மூன்றாம் தடவை பார்த்தார்.

இருந்தது.

அப்புறம்தான் காலண்டரைப் புரட்டினார்.

ஆடி. தள்ளுபடிக்கு வருகிற கூட்டத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. தாளைப் பார்த்தார். நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

மார்கழி. கல்யாணச் சேலை கேட்க ஆளே வராது, கொட்டாவி விட்டே பொழுது போகும். தாளில் நாலாயிரத்துப் பதினொன்று.

தீபாவளி?

விரலை வைத்துத் தேடினார். முந்தின நாள் நாலாயிரத்துப் பத்து. தீபாவளி அன்றைக்கு நாலாயிரத்துப் பன்னிரண்டு.

அடப்பாவி!

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பானா, பலகாரம் தின்பானா, இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு இருப்பானா? அதுவும் நாலாயிரம் பேர், ஆள் குறையாமல்? இருபத்தேழு தீபாவளிக்குக் கடையில் நின்ற மனுஷனுக்கு ரத்தம் கொதித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“டீச்சர், இதுல ஒருத்தன்கூட மனுஷன் கிடையாது! மெஷினை வச்சு ஆள் கணக்குக் காட்டிருக்கான் களவாணிப் பய!”

“சரி.”

“என்ன சரி? அப்போ அந்த இன்னொரு பேரு? அதுக்கு எந்தக் கணக்கும் இல்லையே. எதை நம்பிப் பணத்தைப் போட?”

“வெளியே என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“காலண்டர் பாத்தேன்.”

“அதுக்கு முந்தி?”

தில்லைநாயகம் நெளிந்தார். பொய் சொல்லவும் வரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க அந்தப் பேரைத் தூக்கிருவீங்களோன்னு... மூணு தடவை இருக்கான்னு பாத்தேன்.”

டீச்சர் அவர் கையில் இருந்த தாள்களைக் காட்டினார்.

“இந்தப் பேரு இருக்கான்னு எத்தனை தடவை பாத்தீங்க?”

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். தாள்கள் வலது கையில் சரிந்து தொங்கின. இடது கை இன்னும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தது.